உப்பும் சர்க்கரையும் ஜோடி சேர்ந்தால்தான் கதவு திறக்கும்!

"டாக்டர், பேதியை உடனே நிறுத்துற மாதிரி ஒரு நல்ல சூரணம் கொடுங்க!"

சித்த மருத்துவரைத் தேடி வருகிற தாய்மார்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே வீட்டில் பாட்டி வைத்தியம் ஒரு சுற்று முடிந்திருக்கும். மாதுளம்பழத் தோல் கஷாயம் கொடுத்திருப்பார்கள். ஜாதிக்காய் இழைத்திருப்பார்கள். வசம்பு உரசித் தடவியிருப்பார்கள். "சரிம்மா, குடிக்க என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டால் மட்டும் பதில் தயங்கித் தயங்கி வரும். "குடிக்கக் குடிக்கப் போகுதுன்னு காலையிலேருந்து ஒண்ணுமே கொடுக்கலை டாக்டர்..."

என் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேதியில் ஆபத்து எத்தனை தடவை போகிறது என்பதில் இல்லை. போகும்போது கூடவே எவ்வளவு தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போகின்றன என்பதில்தான் இருக்கிறது. ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும், பேதிக்கு முதல் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதேதான். எங்கள் சூரணமும் கஷாயமும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

சித்த மருத்துவர் இப்படிச் சொல்லலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும்! ஏன் என்பது, நம் குடலில் இருக்கும் ஒரே ஒரு செல்லை எட்டிப் பார்த்தால் விளங்கிவிடும். வாருங்கள், பார்ப்போம்.

செல் என்றொரு குட்டி வீடு

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். நடுவில் உட்கரு, அதுதான் வீட்டின் பத்திரமெல்லாம் இருக்கும் பீரோ. சக்தியைத் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதுதான் அடுப்படி. இவை எல்லாவற்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு.

எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் உயரம் வராது!

இந்தச் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. எண்ணெய்யும் தண்ணீரும் ஒட்டாது என்பது சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் தண்ணீரில் கரைந்த உப்பும் சர்க்கரையும் இந்தக் கொழுப்புச் சுவரைத் தானாகத் தாண்ட முடியாது. தாண்டுவதற்குச் சுவரில் ஆங்காங்கே புரதத்தால் ஆன கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கண்டிப்பான வாட்ச்மேன்! யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஊறுகாய் ஜாடி சொல்லும் பாடம்

சரி, தண்ணீர் எப்படிப் போகிறது? மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்துவிட்டு மறுநாள் ஜாடியைத் திறந்து பாருங்கள். துண்டுகள் சுருங்கியிருக்கும், ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் நேர்மாறாக உப்பிக்கொள்ளும். உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். உடம்பிலும் இதே சட்டம்தான். உப்பு முன்னால் போனால் தண்ணீர் பின்னால் போகும்.

இப்போது குடலுக்கு வருவோம். நாம் குடிக்கிற நீர், உணவில் இருக்கிற நீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 2 லிட்டர். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் என்று உடம்பே குடலுக்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். ஆக மொத்தம் 9 லிட்டர்! இதில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். மீதி அத்தனையையும் குடல் செல்கள் திரும்ப உள்ளே இழுத்துவிடுகின்றன. எப்படி? உப்பை இழுத்து, அதன் பின்னால் தண்ணீரை இழுத்து!

அங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார்.

ஜோடியாக வந்தால்தான் அனுமதி

சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு விசேஷக் கதவு இருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, குணத்தை மறக்காதீர்கள். உப்பிலுள்ள சோடியம் தனியாக வந்தால் இந்தக் கதவு திறக்காது. சர்க்கரையிலுள்ள க்ளுகோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு க்ளுகோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். தம்பதி சமேதராக வந்தால்தான் பந்தியில் இடம் என்கிற மாதிரி!

ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-ல் ப்ராக் நகரில் நடந்த கூட்டத்தில் இந்த ஜோடிக் கணக்கை முதன்முதலில் எடுத்துச் சொன்னார். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரு பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். 1957-ல் இந்தப் பம்பைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ, 40 வருஷம் கழித்து 1997-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். முன்வாசல் கதவும் பின்கட்டுப் பம்பும் சேர்ந்து வேலை செய்வதால் சோடியம் ரத்தத்துக்குப் போகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது.

காலரா அடிக்கும் பொய் மணி

செல்லுக்கு வெளியே நடப்பது உள்ளே எப்படித் தெரியும்? சவ்வின்மேல் அழைப்பு மணிகள் இருக்கின்றன. வெளியே ஒருவர் மணியை அழுத்தினால், உள்ளே ஒரு தூதன் ஓடிப்போய்ச் சேதி சொல்கிறான். 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்பது அப்படிப்பட்ட ஒரு தூதன். மணி ஓய்ந்ததும் தூதனும் ஓய்ந்துவிடுவான். இதுதான் ஒழுங்கு.

காலராக் கிருமியின் விஷம் என்ன செய்கிறது தெரியுமா? அந்த மணியின் சுவிட்சை அழுத்தியபடியே மாட்டிவிடுகிறது! மணி ஓயவே ஓயாது. தூதன் ஓடிக்கொண்டே இருப்பான். அவன் பேச்சைக் கேட்டு, குளோரைடு வெளியேறும் கதவுகள் திறந்தபடியே நிற்கும். குளோரைடு வெளியே பாயும், கூடவே சோடியமும் தண்ணீரும். கடுமையான காலராவில் ஒரு பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போய்விடும். இப்படி ஒரு விஷம் இருக்கிறது என்று 1959-ல் நிரூபித்துக் காட்டியவர் நம் நாட்டுக்காரர், கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே.

இவ்வளவு அமளியிலும் ஒரு நல்ல சேதி இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் ஜோடியாக நுழையும் அந்தக் கதவை மட்டும் காலரா விஷத்தால் கெடுக்க முடிவதில்லை! வீட்டில் எல்லாக் குழாயும் உடைந்து ஓடுகிறபோது, தொட்டியை நிரப்பும் ஒரே ஒரு குழாய் மட்டும் ஒழுங்காக இருப்பது போல. அந்தக் குழாயைப் பயன்படுத்துவதுதான் ஓ.ஆர்.எஸ்.

1971: ஒரு முகாமின் கதை

டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகவே இந்தக் கரைசலைக் கொடுத்துத் தேற்ற முடியும் என்று டாக்காவில் சோதித்து 1968-ல் எழுதினார்கள். ஆனால், உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஊசி மூலம் சலைன் ஏற்றுவதுதான் வைத்தியம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றி இருந்தது.

1971-ல் வங்கதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்து குவிந்தார்கள். எல்லையோரம் போன்கான் என்ற ஊரில் காலரா பரவியது. நோயாளிகள் தரையெங்கும் கிடக்கிறார்கள், சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன. குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். க்ளுகோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம், இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரை, டிரம்மில் ஊற்றி வை, கூட இருக்கும் உறவினரே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுக்கட்டும்! ஊசி இல்லை, நர்ஸ் இல்லை. தாயும் அண்ணனும்தான் நர்ஸ். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, அவர் பராமரிப்பில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

அதே 1971-ல்தான், செல்லுக்குள் ஓடும் தூதனைக் கண்டுபிடித்ததற்காக ஏர்ல் சதர்லாண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. திலீப் மகலனாபிஸ் 2022-ல் காலமானார். மறு வருஷம் அவருக்கு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

கற்பூரவல்லிக்கு எவ்வளவு பங்கு?

என் சக வைத்தியர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1953-ல், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி உப்பும் க்ளுகோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். கூடவே அவர் கொடுத்த மூலிகை எது தெரியுமா? நம் வீட்டுத் தொட்டியில் வளருகிற கற்பூரவல்லி இலைச் சாறு!

இதைக் கேட்டதும், "பார்த்தீங்களா, எல்லாம் நம்ம மூலிகைதான்!" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு குழுவை வைக்கவில்லை. இலை எவ்வளவு உதவியது, கரைசல் எவ்வளவு உதவியது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால், பின்னால் வந்த ஆராய்ச்சிகள் கற்பூரவல்லி இல்லாமலேயே கரைசல் காப்பாற்றும் என்று காட்டிவிட்டன. கரைசல் இல்லாமல் கற்பூரவல்லி காப்பாற்றும் என்று யாரும் காட்டவில்லை.

'செல்லைப் பற்றி எங்கள் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று மேடையில் முழங்குபவர்களும் உண்டு. சித்தர்கள் நாடி பார்த்தார்கள், குணங்குறி பார்த்தார்கள், உணவையே மருந்தாக வகுத்துக் கொடுத்தார்கள். அது போதாதா? செல்லை முதலில் கண்டு பெயர் வைத்தவர் 1665-ல் மைக்ராஸ்கோப்பில் தக்கையைப் பார்த்த ராபர்ட் ஹூக். அடுத்தவர் கண்டதை நம் கணக்கில் எழுதிக்கொள்வதால் சித்த மருத்துவத்துக்குப் பெருமை வராது. நம்மை நம்பித் தோளில் தூக்கி வரும் பிள்ளை பிழைத்தால்தான் பெருமை.

பாட்டி கஞ்சியின் ரகசியம்

அதற்காகப் பாட்டி வைத்தியம் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. நொய்யைக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுத் தரும் கஞ்சி இருக்கிறதே, அது அருமையான யோசனை! அரிசியின் மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக க்ளுகோஸாக உடையும். கஞ்சியில் போட்ட உப்பு சோடியத்தைத் தரும். ஜோடி சேர்ந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது! உப்புப் போட்ட மோரும் நல்லதுதான். ஆனால், "பிள்ளைக்கு எதுக்கு உப்பு?" என்று வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தால் பாதிச் சாவிதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. தெம்புக்குக் கொடுங்கள், கரைசலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். வெறும் க்ளுகோஸ் பவுடரும் இதே கதைதான். சர்க்கரை மட்டும் இருக்கும், ஜோடி இருக்காது.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று பேதியான பிள்ளையைப் பட்டினி போடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. புதுச் செல் கட்ட மணலும் செங்கலும் வேண்டாமா? சாப்பாடுதான் அது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கலர் கலராக அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். இது நம் தாய்மார்களின் குற்றமல்ல, பெட்டியில் அப்படிப் பெயர் போட்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில், உணவுப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற வார்த்தையைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல காரியம்! உத்தரவு இருக்கிறதே என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. மருந்துக்கடையில், "உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்ததா?" என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த அளவு என்ன? ஒரு லிட்டருக்கு க்ளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, ஏழெட்டு மடங்கு! ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். குடலுக்குள் சர்க்கரை மிதமிஞ்சினால் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடலில் கொட்டும். பேதி இன்னும் கூடத்தான் செய்யும்.

கணக்கு முக்கியம்!

* பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதி நீரில் பாதித் தூளைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

* ஒவ்வொரு தடவை பேதி ஆன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

* அவசரத்துக்குப் பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்து போடுங்கள்.

* குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரையும் 10 முதல் 14 நாள் தரவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பேதியை 'நிறுத்துகிற' மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

* சர்க்கரை நோய்க்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடும் பெரியவர்கள், பேதி கண்டால் உடனே தங்கள் டாக்டரைக் கேளுங்கள். இவை சிறுநீரகத்தில் இருக்கும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கதவை அடைக்கிற மாத்திரைகள். உடம்பில் நீர் குறையும்போது சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

* கண் குழி விழுந்தாலோ, அழுதும் கண்ணீர் வரவில்லை என்றாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ எங்கள் வாசலுக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்! அங்கே சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் கடமை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் பேதி கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. மீதி நாலு பேர்? போன்கான் முகாமில் டிரம்மில் கரைத்துக் கொடுத்த மருந்து, அரை நூற்றாண்டு கழித்தும் நாலு பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை! விலை காரணமல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். "இது இங்கிலீஷ் மருந்து", "வெறும் உப்புத் தண்ணிதானே", "குடிச்சா இன்னும் போகும்" என்ற பேச்சுகள்தான் குறுக்கே நிற்கின்றன.

அந்தப் பேச்சை உடைக்க எங்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? பாட்டிமார்கள் எங்கள் பேச்சைக் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு சித்த மருத்துவரும் மேஜைமேல் சூரண டப்பாவுக்குப் பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு டம்ளர் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கச் செய்துவிட்டு, பிறகு நாடியைப் பிடிக்கலாம்.

வீட்டிலும் அப்படியே. பெருங்காய டப்பா இல்லாத அடுப்படி உண்டா? அதன் பக்கத்தில் இரண்டு பாக்கெட் வாங்கிப் போட்டு வையுங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து.